பதினாறாவது ஆட்டம்

அக்டோபரில் தொடங்கிய ஐஸ் ஹாக்கி சீசனில் பதினைந்து ஆட்டம் முடிந்திருந்தது. பதினைந்திலும் வான்மதி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சும்மா உட்காரவில்லை. பெஞ்சுக்கும் ஐஸுக்கும் நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு கதவு இருக்கிறது. ஆடிக் களைத்த பெண்கள் சறுக்கிக்கொண்டு வந்தால் அதைத் திறக்க வேண்டும், மாற்றுப் பெண்கள் இறங்கியதும் சாத்த வேண்டும். இரண்டாவது கோல்கீப்பருக்கு அதுதான் உத்தியோகம். காலுக்கு மெத்தை மாதிரி இரண்டு பேடு, நெஞ்சுக்குக் கவசம், தலைக்குக் கம்பிக்கூண்டு, இத்தனையும் மாட்டிக்கொண்டு கதவு திறக்கிற வேலை.

"கதவு தொறக்கறதுக்கா அம்மிணி இத்தனை வேசம்?" என்று முதல் ஆட்டத்தன்றே நஞ்சுண்டன் பேத்தியிடம் கேட்டுவிட்டார்.

"பேக்கப்னா அப்படித்தான், அப்பாரு. அவளுக்கு அடிபட்டா ஐ கோ இன்."

அதாவது முதல் கோல்கீப்பர் அடிபட்டு விழ வேண்டும். ப்ரூக் என்று பெயர். குதிரை மாதிரி இருந்தாள். அவள் எங்கே விழப் போகிறாள்? பதினைந்து ஆட்டமும் நஞ்சுண்டன் குரங்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அலுமினியப் பலகையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குக் கால் சுளுக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பது பாவம்தான். நினைத்தார். மறைக்க என்ன இருக்கிறது.

அவருக்கு எழுபத்தொரு வயது. திருச்செங்கோட்டுப் பக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் முப்பத்திரண்டு வருஷம், ராஜஸ்தான் வரைக்கும் போய்த் துளை போட்டவர். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவன் "இங்கதான் இருக்கு" என்று சத்தியம் பண்ணிய இடத்தில் தொள்ளாயிரம் அடிக்கும் வெறும் புழுதியாகப் பறந்ததை எத்தனையோ தடவை பார்த்தவர். அதனால் வாய்ச்சொல்லை அவர் நம்புவதில்லை. மகனை நம்புவதில்லை, மருமகளை நம்புவதில்லை, டாக்டர் சொல்வதில் பாதியைத்தான் காதில் வாங்குவார்.

மனைவி மரகதம் போன பிறகு, தனியாக விட்டால் கண்டதையும் தின்று கிடப்பார் என்று மகன் மதன் அவரை அமெரிக்காவில் காப்பெல் என்கிற ஊருக்குக் கூட்டி வந்து நாலு வருஷம் ஆகிறது. மகன் ஓர் அறை, மருமகள் யாமினி ஓர் அறை, ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசுகிற வீடு. அந்த வீட்டில் சாவியை எடுத்துக்கொண்டே "அப்பாரு, கமிங்?" என்று கேட்கிற ஒரே ஜீவன் வான்மதி. இருபது வயது. பக்கத்துக் கல்லூரியில் படிப்பு, வீட்டிலிருந்தே போய் வருகிறாள்.

அவளுடைய ஹாக்கிச் சாமான்களை உலர்த்துகிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். நாற்றம் தாங்காது என்று யாமினி வீட்டுக்குள் விடமாட்டாள். காரேஜில் நைலான் கயிறு கட்டித் தொங்கவிடுவார். பயிற்சி நாளில் பிழிந்தால் சொட்டும். போட்டி நாளில் மட்டும் பையைத் திறந்தால் எல்லாம் காலையில் போட்டது மாதிரியே இருக்கும். ஈரத் துணியைக் கயிற்றில் போடலாம். காய்ந்த துணியை எதற்குப் போடுவது? போடுவார், வயிறு எரிந்துகொண்டே போடுவார்.

இப்படி இருக்கையில், பிப்ரவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வான்மதி படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"சாட்டர்டே ஐ ஸ்டார்ட்! ஃபுல் கேம்!"

கடைசி ஆட்டம். எப்படியும் இந்த வருஷம் டோர்னமென்ட்டுக்குப் போக முடியாது, அதனால் சனிக்கிழமை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை நீதான் என்று கோச் சொல்லிவிட்டாளாம்.

"ஃபுல் கேமா? மூஞ்சில எதுவும் பட்டுடாதே?" என்றாள் யாமினி.

"நாங்களும் வர்றோம்டா. ஐ வில் பிளாக் மை காலண்டர்," என்றான் மதன். பெற்றவர்கள் இரண்டு பேரும் அதுவரை ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

நஞ்சுண்டன் மட்டும், "எழுதிக் குடுத்தாளா அந்தக் கோச்சு?" என்றார்.

"அப்பாரு! ஷீ இஸ் நாட் லைக் தட்."

அவள் அவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினாள். எழுபத்தொரு வயதில் ஒரு தடவை நம்பித் தொலைத்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. கதிர். சங்ககிரியில் கட்டிக்கொடுத்த தங்கை ராமாத்தாளின் மகன்.

"மாமா... அம்மா போயிட்டாங்க மாமா."

நஞ்சுண்டன் காரேஜில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பா இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தார்.

"எப்ப?"

"ஒரு மணி நேரம் இருக்குமுங்க. காப்பி கேட்டாங்க. போட்டுக் கொண்டாறதுக்குள்ள தலை சாஞ்சிருச்சு."

அங்கே சாயங்காலம் ஆறரை. பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி ராகமாக ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, இந்த நேரத்துல கேக்கறனேன்னு நெனைக்காதீங்க. நீங்க வர்றீங்களா? பொறந்த வீட்டுக் கோடி போடோணுமில்லீங்க."

வாழ்க்கைப்பட்ட பெண் செத்தால், கூடப் பிறந்தவன் புதுச்சேலை கொண்டு வந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அது விழுந்த பிறகுதான் எடுக்கலாம். ராமாத்தாளுக்குக் கூடப் பிறந்தவர் நஞ்சுண்டன் ஒருத்தர்தான்.

"வர்றீங்கன்னா திங்கக்கிழமை வரைக்கும் பெட்டியில வெச்சிருக்கறமுங்க. இல்லீன்னா காலையில ஏழு மணிக்கே எடுத்தறலாம்னு பெரியவங்க சொல்றாங்க. சனத்துக்குச் சொல்லோணும், குழி வெட்டறவங்களுக்குச் சொல்லோணும். ராத்திரி பன்னெண்டுக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க மாமா."

"நான் வரலீன்னா கோடி யாரு போடறது?"

"பங்காளியில கிட்டத்து ஆளுன்னா ஆறுமுகம் மாமாதானுங்க."

ஆறுமுகம் சித்தப்பா மகன். ராமாத்தாளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வருகிற தடத்தில், "இது என் பட்டாவுல போவுது" என்று முள்ளை வெட்டிப் போட்டவன். கூறைச்சேலை கட்டிய பெண்ணை உழுத காட்டுச் சேற்றில் நடத்திக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. நாற்பத்தாறு வருஷமாயிற்று. நஞ்சுண்டன் அவனோடு பேசியதில்லை, அவன் வந்த சாவுக்குக்கூட இவர் போனதில்லை.

"அவன் கை அவ மேல படப்படாது."

"அப்ப நீங்க வந்துருங்க மாமா."

"சொல்றேன். மதனுக்கு நீ கூப்பிடாதே. அவன் தாங்கமாட்டான். நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

அது உண்மை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மதன் அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தான். சொன்ன மறு நிமிஷம் டிக்கெட் போடுவான். யாமினி, "சாவு விழுந்திருக்கு, இன்னைக்குப் போய் கேமா?" என்பாள். பிள்ளையின் ஹாக்கியை எப்போது நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். வான்மதியைத் தலைக்குக் குளிக்க வைத்து உட்கார வைத்துவிடுவார்கள். இன்னொருத்தர் வீடாக இருந்தால் நஞ்சுண்டனே அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவர் மணியை எண்ணிப் பார்த்தார். அங்கே நடு இரவு பன்னிரண்டு என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. ஆட்டம் பதினொன்றுக்கு. பிள்ளை முதல் விசிலிலேயே நிற்கப் போகிறாள். அரை மணி நேரம் கண்ணால் பார்த்துவிட்டு மதனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லிவிடலாம். சாயங்காலம் விமானம் ஏறினால் திங்கட்கிழமை விடிய சங்ககிரி. மரகதம் செத்தபோது இந்த மதனுக்காக இரண்டரை நாள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தானே அவர். அது ராத்திரி பகலாக உறுமிக்கொண்டே கிடக்கும். வருகிறவன் வருகிற வரைக்கும் அது தாங்கும். செத்தவளுக்கு அரை மணி பெரிதில்லை என்று நினைத்தார்.

போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சாவு கேட்டால் குளிக்க வேண்டும், அதை மட்டும் விட மனசு வரவில்லை.

"என்ன மாமா, இந்தக் குளிர்ல தலைக்குக் குளிச்சிருக்கீங்க?" என்று யாமினி கேட்டாள்.

"அரிச்சுது," என்றார்.

வான்மதி தன் காரில் முன்னாலேயே போய்விட்டாள். முந்தின ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை, இரண்டு வாய் தயிர்ச்சோற்றோடு மேலே போய்விட்டாள். பயமாக இருக்கும் என்று நஞ்சுண்டன் நினைத்துக்கொண்டார். மற்ற மூன்று பேரும் பத்தரைக்கு, ரிங்க் என்கிற ஐஸ் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெளியே அதற்குள் வெயில் ஏறிவிட்டது, சட்டையோடு நிற்கலாம். உள்ளே மூச்சு விட்டால் புகை வரும். இந்த வெயில் ஊரில் ஐஸைக் கொட்டி அதன்மேல் விளையாட வேண்டும் என்று எவனுக்குத் தோன்றியதோ.

யாமினி போர்வையைச் சுற்றிக்கொண்டு காபியைப் பிடித்தாள். மதன் ஃபோனை எடுத்து வீடியோவுக்குத் தயாராக வைத்துக்கொண்டான். நஞ்சுண்டன் தன் ஃபோனைச் சத்தம் வராமல் பண்ணி உள்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு மதன் கையிலிருந்த ஃபோன் மேல்தான் பயம். நல்லவேளை, சொந்தக்காரர்களுடைய வாட்ஸப் குரூப்பில் யாரோடோ அரசியல் பேசிச் சண்டை போட்டு அவன் வெளியே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

விசில் ஊதினார்கள். கோல் வலைக்கு முன்னால் போய் நின்றது ப்ரூக்.

வான்மதி கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நம்ம பொண்ணுல்ல அங்க நிக்கணும்?" என்றான் மதன்.

மதன் பக்கத்திலிருந்த ஒரு பெண்ணின் தகப்பனிடம் குனிந்து விசாரித்துவிட்டுத் திரும்பினான்.

"நேத்து ராத்திரி வேற ஒரு டீம் தோத்துடுச்சாம். இன்னைக்கு நம்ம டீம் ஜெயிச்சா டோர்னமென்ட் போகுமாம். அதனால ஸேஃபா ஆடறாங்க போல."

"அப்ப வியாழக்கிழமை சொன்னது?"

"கோச்சுங்க அப்படித்தான்ப்பா. சிச்சுவேஷன் மாறுச்சுன்னா மாத்துவாங்க."

"சொன்ன சொல்லை மாத்தறதுக்குப் பேரு வேறயா?"

கோச் அங்கே தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எதையோ மென்றுகொண்டு நின்றாள். நஞ்சுண்டனுக்கு அந்தத் தாடையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. கறுப்பு ரப்பர் வட்டு அங்கும் இங்கும் பறந்தது. ப்ரூக் தடுத்தாள், ஒன்றை விட்டாள். நம் பெண்கள் ஒன்று போட்டார்கள். மூன்று பாகத்தில் முதல் பாகம் முடிந்தபோது மணி பதினொன்று முப்பத்தெட்டு.

பெண்கள் ரப்பர் விரிப்பின் மேல் கத்திச் செருப்போடு டக் டக்கென்று உடை மாற்றும் அறைக்கு நடந்து போனார்கள். நஞ்சுண்டன் படி இறங்கிப் போய் வழியில் நின்றார். வான்மதி கடைசியாக வந்தாள். கூண்டுத் தொப்பி கக்கத்தில் இருந்தது. முடி கலையவில்லை.

"எப்ப அம்மிணி? எப்ப உன்னை உடறாங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். மேலே பலகையில் கை ஆட்டிக்கொண்டிருந்த அப்பனையும் ஆத்தாளையும் பார்த்தாள்.

"நெக்ஸ்ட் பீரியட், அப்பாரு."

"நெசமாவா?"

"யா. நெக்ஸ்ட் பீரியட்."

அப்போதே மதனிடம் சொல்லியிருக்கலாம். இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. பிள்ளை சொல்லிவிட்டாளே, அடுத்ததுதானே என்று திரும்பப் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். ஒரு வண்டி வந்து ஐஸை வழித்துத் தண்ணீர் தெளித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் போனது. சீராக, அவசரமே இல்லாமல் அந்த டிரைவர் சுற்றிச் சுற்றி வந்தான்.

இரண்டாம் பாகம். ப்ரூக்தான்.

பாதியில் இருக்கும், பாதியில் மாற்றுவார்கள் என்று இருந்தார். பாதி போயிற்று. உள்சட்டைப் பையில் ஃபோன் துடித்தது. எடுக்கவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று ஆனது. யாமினிக்குக்கூட ஆட்டம் பிடித்துவிட்டது, போர்வைக்குள்ளிருந்து கத்தினாள். வான்மதி கதவைத் திறந்தாள், சாத்தினாள், திறந்தாள். ஒவ்வொரு தடவையும் வருகிற பெண்ணின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் தட்டுவதைப் பார்த்தால் அவள்தான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரி இருந்தது.

பாகம் முடிந்தபோது மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. இந்தத் தடவை வழியில் கூட்டம். நஞ்சுண்டன் கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டிக் கூப்பிட்டார். வான்மதி திரும்பினாள். அவர் ஐஸைக் காட்டி, அவளைக் காட்டி, என்ன என்பது போலக் கையை விரித்தார். அவள் பெரிய கையுறையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினாள்.

அந்தக் கட்டைவிரலை நம்பி எட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். வாயைத் திறந்து "டேய் மதனு" என்று கூப்பிட்டால் போதும். கூப்பிட்டால் எழுந்துவிடுவான், யாமினியும் எழுந்துவிடுவாள். மூன்றாம் பாகத்தில் பிள்ளை வலைக்கு முன்னால் வந்து நின்று மேலே பார்க்கும்போது பலகை காலியாக இருக்கும். பன்னிரண்டரைக்கு ஃபோன் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. துணிக்கு மேலே கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு அது துடிக்கவில்லை.

மூன்றாம் பாகத்திலும் ப்ரூக்தான் நின்றாள். முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது நம் பெண்கள் ஒரு கோல் போட்டு மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். எல்லோரும் பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடிப்போய் ப்ரூக்கின் மேல் விழுந்தார்கள். முதலில் ஓடியது வான்மதி. கதவைத் திறந்தவள் அவள்தானே.

மதன் எழுந்து கைதட்டினான். நஞ்சுண்டன் உட்கார்ந்தே இருந்தார்.

அப்போதாவது சொன்னாரா? இல்லை. காருக்குப் போகட்டும் என்றிருந்தார். காரில், இடம் போய்ச் சேரட்டும் என்றிருந்தார். வான்மதி குளித்து உடைமாற்றித் தன் காரில் பின்னால் வர, பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு தோசைக்கடைக்குப் போனார்கள். நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற கடை. மதன் நாலு மசால் தோசையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தான்.

"ஸோ, டோர்னமென்ட்! அதுல ஆடுவியாடா?"

"லெட்ஸ் ஸீ, ப்பா."

"சாப்பிடுங்க மாமா, ஆறிடும்," என்றாள் யாமினி.

நஞ்சுண்டன் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு வேண்டாம். எழவு."

"என்னது?"

"ராமாத்தா போயிட்டா."

மதன் சட்னியில் கையை வைத்தபடி, "எந்த ராமாத்தா?" என்றான்.

"எந்த ராமாத்தாளா? உனக்கு நாலு வருசம் சோறாக்கிப் போட்டவ. எத்தனை ராமாத்தா உனக்கு?"

மதன் கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் ஃபோனை எடுத்துக் கதிரைக் கூப்பிட்டான். அங்கே நடு இரவு தாண்டி ஒன்றரை. முதல் மணியிலேயே எடுத்தான் கதிர். மதன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, நான் வர்றேன். ஈவினிங் ஃப்ளைட் புக் பண்றேன். மண்டே வரைக்கும் வெச்சிருங்க."

"இல்லீங்க மாப்ள. பன்னெண்டுக்கு மாமாவை ரெண்டு வாட்டி கூப்பிட்டேன், எடுக்கலீங்க. பெரியவங்க நேராப் போயி ஆறுமுகம் மாமாவக் கேட்டுட்டாங்க. அவரும் ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சு வந்துட்டாருங்க. துணிக்கடைக்காரர எழுப்பிச் சேலை எடுத்தாச்சு. சனத்துக்கெல்லாம் ஏழு மணின்னு சொல்லியாச்சுங்க. இனி வேண்டாம்னு அவர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றதுங்க?"

மதன் ஃபோனைக் கீழே வைத்தான். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தது.

"எப்பப்பா தெரியும் உங்களுக்கு?"

"காலையில ஏழுக்கு."

"ஏழு மணிக்கா? ரிங்க்ல என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க! ரெண்டு மணி நேரம்! ஏன் சொல்லல?"

"சொன்னா கெளம்பிருவீங்க. அம்மிணி ஆடறதப் பாக்கோணும்னு இருந்தேன்."

மூன்று பேரும் வான்மதியைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பட் ஐ வாஸ்ன்ட் ப்ளேயிங்," என்றாள். "கோச் நேத்து நைட்டே டெக்ஸ்ட் பண்ணிட்டாங்க. அந்த டீம் தோத்த உடனே. ப்ரூக்தான் ஃபுல் கேம்னு."

நஞ்சுண்டன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"நேத்தேவா? அப்புறம் ஏன் நெக்ஸ்ட் பீரியட்னு சொன்னே?"

"அம்மா அப்பா ஃபர்ஸ்ட் டைம் வந்தாங்க, அப்பாரு. நீங்க வேற அப்படி ஆசையா கேட்டீங்க. எப்படிச் சொல்றது? கேம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு... ஐ டிடின்ட் நோ!"

அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் நல்ல மனுஷன். நஞ்சுண்டன் மூடவில்லை.

"நீ சொன்ன பொய்யாலதான் இன்னைக்கு அந்தப் பாவி கையால என் தங்கச்சிக்குக் கோடி உளுகுது."

வான்மதி தமிழில் பதில் சொல்லத் திணறுவாளே தவிர, ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொள்வாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாமினிதான் எழுந்தாள். "போதும் மாமா. பொய் சொன்னது அவ மட்டுமா? அரிச்சுதுன்னு தலைக்குக் குளிச்சீங்களே, அது என்ன? குழந்தை ஒரு கேமை மறைச்சா. நீங்க ஒரு சாவையே மறைச்சிருக்கீங்க."

"அவளுக்காகத்தான் மறைச்சேன்."

"அவ கேட்டாளா?"

"ஐ வுட் ஹேவ் ஸ்கிப்ட் இட்," என்றாள் வான்மதி. "நான் ஆடறதா இருந்தாலும் ஸ்கிப் பண்ணியிருப்பேன். ஐ வுட் ஹேவ் ட்ரிவன் யூ டு தி ஏர்போர்ட் மைசெல்ஃப். இட்ஸ் ஜஸ்ட் எ கேம், அப்பாரு."

ஜஸ்ட் எ கேம். பதினைந்து ஆட்டம் குளிரில் உட்கார்ந்து, ஒருத்தி கால் ஒடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவரிடம் சொன்னாள். அவர் வேண்டிக்கொண்ட அளவுக்கு அவள் வேண்டிக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கதவு திறப்பது அவளுக்கு அவமானமாக இருந்ததே இல்லையோ என்னவோ. கேட்டிருக்கலாம். பதினைந்து ஆட்டத்தில் ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்கவில்லை.

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். "டோர்னமென்ட்டுக்கு வராதீங்க. ப்ளீஸ்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு தோசையும் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மதன் தோட்டத்தில் நின்று அழுதான். தகப்பன் பக்கத்தில் போனபோது உள்ளே வந்துவிட்டான். மாலை ஆறரைக்கு, அங்கே விடிந்து ஆறு மணிக்கு, கதிர் வீடியோவில் கூப்பிட்டான். மதன் ஃபோனைச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு பக்கமாக நின்றான். நஞ்சுண்டன் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். மாடியில் வான்மதியின் கதவு சாத்தியிருந்தது.

பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் பலகையில் கிடத்தியிருந்தார்கள். படம் ஆடியது. ராமாத்தாளின் முகம் சின்னதாகிப் போயிருந்தது. கூட்டம் விலகியது. ஆறுமுகம் வந்தான். நாற்பத்தாறு வருஷத்தில் கிழவனாகிவிட்டான். முதுகு வளைந்து, ஒருத்தன் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, நெஞ்சோடு சேலையை அணைத்துக்கொண்டு வந்தான்.

ஏதாவது மட்டமான துணியாக இருக்கும், அதைச் சொல்லியாவது திட்டலாம் என்று நஞ்சுண்டன் உற்றுப் பார்த்தார். அரக்கு நிறம், நல்ல அகலக் கரை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இவர் எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்.

ஆறுமுகம் குனிந்து சேலையை விரித்தான். மார்பு வரைக்கும் போர்த்தி, இரண்டு பக்கமும் சொருகிவிட்டு நிமிர்ந்தான். கதிர் அவன் காதில் என்னவோ சொன்னான். கிழவன் ஃபோன் பக்கம் திரும்பினான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கினான்.

"நஞ்சுண்டா, சரியா உளுந்திருக்குதா?"

மதன் தகப்பனைப் பார்த்தான். நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். திட்டத்தான் போகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

"கால் பக்கம் தெரியுது," என்றார். "கொஞ்சம் இழுத்துவிடு."

ஆறுமுகம் பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கால் மறைகிற அளவுக்கு இழுத்துவிட்டான்.